ஆடும் நாற்காலி, பிரியும் கம்பளி: பிரிமிட்டிவ் பாணி வீட்டுப் பொருட்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு பழுது நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்திலும் பென்சில்வேனியாவிலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உள்ளூர்த் தச்சர்களும் விவசாயிகளும் தங்கள் புழக்கத்துக்கென்று செய்துகொண்ட பைன் மரப் பெட்டிகள், அலமாரிகள், நாற்காலிகள் ஆகியவைதான் பிரிமிட்டிவ் பாணி வீட்டின் அடிப்படை. அவற்றின் மேல் விரிப்பதற்கும் சுவரில் மாட்டுவதற்கும் பழைய கோட்டு, பாவாடைத் துணிகளை வெட்டித் தைத்த கம்பளி வேலைகள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிம்ஃபீல்டில் ஆண்டுக்கு 3 முறை கூடும் பழம்பொருள் சந்தையிலோ, ஏதாவது பண்ணை ஏலத்திலோ ஒரு பெட்டியை வாங்கிக் காரின் பின்னால் கட்டிக் கொண்டுவந்த தமிழ்க் குடும்பங்கள் இப்போது பல உண்டு. வாங்குவது எளிது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஆடும், உரியும், நாறும், தூள் கொட்டும்.

கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் முன்னால் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் சேதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா, எப்போதோ நடந்து முடிந்துவிட்டதா? பெட்டி மூடியின் முன் ஓரத்தில் கை பட்டுப் பட்டு பெயின்ட் போய் மரம் மினுக்குவது முடிந்துபோன தேய்மானம். அதைத் தொடாதீர்கள், நீங்கள் பணம் கொடுத்ததே அதற்குத்தான். அதே மூடியிலிருந்து செதில் செதிலாகத் தரையில் விழுகிறது என்றால் அது நடந்துகொண்டிருக்கும் சேதம். அதற்குத்தான் மருந்து.

பழைய பெயின்ட் செதிலாக விழுகிறது

முதலில் ஈயம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978இல்தான். அப்போது வைத்த வரம்பு 600 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 600 பங்கு), 2009இல் 90 பி.பி.எம் ஆகக் குறைத்தார்கள். இந்தியாவில் அந்த 90 பி.பி.எம் வரம்பு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பொருளின் மேல் இருக்கும் எந்தப் பெயின்ட்டிலும் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கடையில் விற்கும் நிறம் மாறும் பரிசோதனைக் குச்சி ஓரளவுக்குத்தான் சொல்லும். அது இல்லை என்று சொன்னாலும், வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ஒரு செதிலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பதுதான் நிம்மதி.

உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது. சூடான காற்று அடிக்கும் கருவியும் வேண்டாம். தரையில் தடித்த பிளாஸ்டிக் விரித்து, பொருளை அதன்மேல் வைத்து, தெளிப்பானால் லேசாகத் தண்ணீர் அடித்து, தானாக எழும்பி நிற்கும் செதில்களை மட்டும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதை நோண்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். அது எங்கே போக வேண்டும் என்பதை உங்கள் ஊர்க் குப்பை விதிகள் சொல்லும். சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்தூளை அறை முழுக்கப் பரப்பிவிடும். நுண்தூளையும் பிடித்து வைக்கும் ஹெபா வடிகட்டி உள்ளதுதான் வேண்டும். காய்ந்தபின் மெழுகு நீக்கிய அரக்கு வார்னிஷையோ பளபளப்பில்லாத தண்ணீர்வழிப் பூச்சையோ மெல்லியதாக ஒரு கை பூசினால் மிச்சப் பெயின்ட் அப்படியே நின்றுவிடும்.

எல்லாவற்றையும் உரித்து வெறும் மரமாக்கி மெழுகு போட்டால் அழகாக இருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. அழகாகத்தான் இருக்கும், 1830களின் நீலப் பெட்டி, கடையில் வாங்கிய புதுப் பைன் பெட்டியைப் போல ஆகிவிடும். இந்தப் பாணியில் மூலப் பெயின்ட்டுக்குத்தான் மதிப்பு, மரத்துக்கு அல்ல. மேலே எவ்வளவுதான் பூசி மூடினாலும், சமையல் பொருள் வைக்கும் தட்டுக்கும் குழந்தையின் அறைக்கும் இத்தகைய பொருளைக் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொரு சங்கதி. சிவப்போ நீலமோ ஒரு அடுக்கு கடையில் விற்கும் எந்தப் பெயின்ட் நீக்கிக்கும் அசையாமல் நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் பால் பெயின்ட். பாலின் கேசினும் சுண்ணாம்பும் நிறமண்ணும் சேர்ந்தது. அது இளகுவது அமோனியாவுக்கு. அசைய மறுப்பதைப் பார்த்துக் கோபப்படுவதைவிட, பழையது கையில் கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடுவது மேல். அமோனியாவை எடுத்தே தீருவேன் என்றால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பிளீச்சிங் திரவம் அந்தப் பக்கமே வரக்கூடாது, இரண்டும் கலந்தால் நச்சுவாயு.

நீங்கள் புதிதாகப் பூசிய பால் பெயின்ட் உரிகிறது அல்லது கறை மேலே வருகிறது

உரிவதற்குக் காரணம் அடியில் உள்ள பரப்பு. பால் பெயின்ட் வெறும் மரத்துக்குள் ஊறிப் பிடித்துக்கொள்ளும். வார்னிஷ், மெழுகு, எண்ணெய்ப் பூச்சு இவற்றின் மேல் பிடிப்பு கிடைக்காது. முதல் கையில் அதற்கென்று விற்கும் பிடிப்புத் திரவத்தைக் கலந்து பூச வேண்டும். வேண்டுமென்றே உரிய விடும் பழக்கமும் இந்தப் பாணியில் உண்டு. அப்படியானால் காய்ந்தபின் தளர்ந்ததைச் சுரண்டி எடுத்து, மிச்சத்தை எண்ணெயோ மெழுகோ போட்டு நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் தினமும் தரையைக் கூட்ட வேண்டியிருக்கும்.

வெள்ளைக்கு மேல் மஞ்சள் வட்டம் வந்தால் அடியில் பைன் கணு இருக்கிறது. அதன் பிசின் கசிகிறது. எத்தனை கை பூசினாலும் வரும். கணுவின் மேல் மட்டும் மெழுகு நீக்கிய அரக்கை இரண்டு கை தடவி அடைத்து, அந்த இடத்தில் பிடிப்புத் திரவம் கலந்த பெயின்ட்டைப் பூசுங்கள். மகோகனி மரத்திலிருந்து இளஞ்சிவப்பாகக் கறை ஏறுவதற்கும் இதே வைத்தியம்தான்.

கலக்கியவுடன் நுரைக்கிறது, கட்டி கட்டியாக இருக்கிறது என்பது குற்றமல்ல. சிறிது நேரம் விட்டு, பழைய காலுறைத் துணியில் வடிகட்டுங்கள். மறுநாள் கெட்டியாகி நாறினால் அது கெட்ட பால்தான். கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பொடியில் சுண்ணாம்பு இருப்பதால் கலக்கும்போது கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

நாற்காலி ஆடுகிறது

எந்த மூட்டு என்று முதலில் கண்டுபிடியுங்கள். நாற்காலியைத் தலைகீழாகக் கட்டிலின் மேல் வைத்து, ஒவ்வொரு குறுக்குக் கம்பையும் ஒரு கையால் பிடித்து மறு கையால் காலை முறுக்கிப் பாருங்கள். அசைவு தெரியும் இடத்தில் மூட்டின் விளிம்பில் ஒரு கோடு திறந்து மூடும். அங்கே பென்சிலால் குறியிடுங்கள். மற்ற மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் அவற்றைக் கழற்ற வேண்டாம். ஆடாததைக் கழற்றினால்தான் உடைகிறது.

அந்தக் காலத்து நாற்காலிகளின் பசை பெரும்பாலும் வஜ்ரம்: விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. திறந்த மூட்டில் ஒரு துளி வெந்நீர் விட்டு விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் வஜ்ரம். இது நல்ல செய்தி, ஏனென்றால் வஜ்ரம் தண்ணீருக்கும் சூட்டுக்கும் இளகும். பழைய வஜ்ரத்தின் மேல் புது வஜ்ரம் ஒட்டும். தச்சர்கள் இன்று வழக்கமாக எடுக்கும் வெள்ளைப் பசைக்கு அந்தக் குணம் இல்லை. பழைய பசையின் மேல் அதை ஊற்றினால் சில மாதங்கள் நிற்பதுபோல் நடித்துவிட்டு மறுபடியும் ஆடும், அதற்குள் மரத்தின் துளைகளும் அடைபட்டுப் போயிருக்கும்.

வெதுவெதுப்பான வினிகரைச் சிறு பஞ்சால் மூட்டில் விட்டு ஊறவைத்து, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கழற்றுங்கள். கழற்றும்போதே ஒவ்வொரு துண்டிலும் எந்தப் பக்கம், எந்தத் துளை என்று நாடாவில் எழுதி ஒட்டிவிடுங்கள். பழைய பசையின் தடித்த பகுதியை மட்டும் சுரண்டினால் போதும்; மரத்தை அரத்தால் தேய்க்காதீர்கள், தேய்க்கத் தேய்க்கக் கம்பு மெலிந்து துளை பெரிதாகும்.

பசை போடுமுன் உலர வைத்தே ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கம்பு துளையில் தளர்வாக இருந்தால், இழைப்புளியில் இழைத்தெடுத்த மெல்லிய மரச்சுருளைக் கம்பின் முனையில் பசையோடு சுற்றி அது இறுகும் வரை தடிமனாக்கலாம். வஜ்ரத்தைச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கவிட்டால் பலம் போய்விடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு துளியை வைத்து விரல்களைப் பிரித்தால் மெல்லிய நூலாக இழுபட வேண்டும். அப்போதுதான் பதம். அறை குளிர்ந்திருந்தால் மூட்டில் வைத்து முடிப்பதற்குள் உறைந்துவிடும், ஆகவே மரத்தையும் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பரபரப்பு வேண்டாம் என்பவர்களுக்குப் புட்டியில் வரும் திரவ வஜ்ரம் இருக்கிறது; வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள், பழசானால் காயவே காயாது.

கிளாம்ப் இல்லாவிட்டால் நான்கு கால்களையும் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்குங்கள். இறுக்கியவுடன் நாற்காலியைச் சமதளத்தில் நிறுத்தி நான்கு காலும் தரையைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். பசை காய்ந்தபின் பார்த்துப் பயனில்லை.

ஆணி அடிக்காதீர்கள். ஆணி அடித்த மூட்டு ஆடுவதை நிறுத்தாது. ஆடும்போது மரத்தைப் பிளக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இழுப்பறை சிக்குகிறது

எந்த மாதத்தில் சிக்குகிறது? ஜூலையின் புழுக்கத்தில் சிக்கினால் இழைப்புளியைக் கீழே வையுங்கள். மரம் ஈரத்தை வாங்கி இழைக்குக் குறுக்காக உப்பியிருக்கிறது. இப்போது இழைத்துத் தள்ளினால், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் அதே இழுப்பறை லொடலொடவென்று ஆடும். ஈரப்பதம் குறைக்கும் கருவியைச் சில நாட்கள் ஓடவிட்டு, உரசும் இடங்களில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். பெரும்பாலும் அத்தோடு தீர்ந்துவிடும்.

ஆண்டு முழுவதும் சிக்கினால் இழுப்பறையைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பக்கப் பலகைகளின் அடி விளிம்பு பின்பக்கமாகப் போகப்போக வளைவாகத் தேய்ந்திருக்கும். நூற்றாண்டுக்கு மேல் இழுத்ததில் வந்த தேய்மானம் அது. முன்முகம் கீழிறங்கி சட்டத்தில் முட்டுகிறது. தேய்ந்த இடத்தை நேராக்கி, அதே தடிமனில் பைன் பட்டை ஒட்டி உயர்த்த வேண்டும். இங்கே முடிந்துபோன தேய்மானத்தைத்தான் சரிசெய்கிறோம், விதிவிலக்கு. ஏனென்றால் அது கீழே உள்ள சட்டத்தையும் தின்னத் தொடங்கிவிடுகிறது.

அடிப்பலகை முன்பக்கக் காடியிலிருந்து நழுவி இடைவெளி தெரிந்தால் உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பலகை சுருங்கியிருக்கிறது. பின்பக்கம் அதைப் பிடித்திருக்கும் ஆணியை எடுத்து, பலகையை முன்னால் தள்ளி, மறுபடி ஆணி அடித்தால் போதும். பழைய தச்சர்கள் பின்னால் கொஞ்சம் நீட்டி விட்டிருப்பது இதற்காகத்தான்.

ஆணிகளை எடுக்கும்போது அவற்றின் வடிவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டையான உடலோடு கூம்பி வரும் வெட்டாணி என்றால் ஏறத்தாழ 1790களுக்கும் 1890களுக்கும் இடைப்பட்டது. உருண்டைக் கம்பி ஆணி மட்டுமே எங்கும் இருந்தால், விற்றவர் சொன்ன வயதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

பெட்டியின் பலகையில் நீளமாக வெடிப்பு

ஆறு பலகைகளை ஆணி அடித்துச் செய்த பெட்டிகளில் இது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். முகப்புப் பலகையின் இழை படுக்கைவாக்கில் ஓடுகிறது; பக்கப் பலகையின் இழை செங்குத்தாக. இரண்டையும் ஆணியால் பூட்டிவிட்டு அகலவாட்டில் சுருங்காதே என்றால் மரம் கேட்காது, வெடிக்கும். வெடித்தபின் இழுவிசை தீர்ந்துவிடுகிறது. அப்படியே விடுங்கள். லப்பம் வைத்து அடைத்தால் கோடைகாலத்தில் மரம் உப்பும்போது லப்பம் இடம் கொடுக்காது. பக்கத்தில் இன்னொரு வெடிப்பு வரும். காற்றும் பூச்சியும் நுழைவது கவலை என்றால் உள்பக்கம் ஒரு துணிப்பட்டையை வஜ்ரத்தால் ஒட்டுங்கள்.

துளைகளின் கீழே தூள் கிடக்கிறது

துளை இருப்பது அறிகுறி அல்ல. பழைய பைனில் உளுத்த துளைகள் சாதாரணம். தூள்தான் அறிகுறி, அதுவும் புதுத் தூள். துளைகளை மெழுகால் அடைத்து, அடியில் கறுப்புக் காகிதம் விரித்து, கோடைகாலம் முடியும் வரை பாருங்கள். வண்டுகள் வெளியே வருவது வசந்தத்திலும் கோடையிலும்தான். மெழுகு உடைந்து காகிதத்தின் மேல் வெளிர் தூள் விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

தூளை விரலில் தேயுங்கள். முகப்பவுடர் போல வழுவழுவென்று இருந்தால் அது அகன்ற இலை மரங்களைத் தாக்கும் வகை; பைனைத் தொடாது. நறநறவென்று இருந்தால் மரச்சாமான் வண்டு. இது பைனுக்கும் எமன். இதன் புழு மரத்துக்குள் சில ஆண்டுகள் கிடக்கும்.

சிறிய பொருள் என்றால் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழான ஃப்ரீசரில் இரண்டு வாரங்கள் வையுங்கள். வெளியே எடுத்தபின் பொருள் அறைச் சூட்டுக்கு வரும்வரை உறையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் மரத்தின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பெரிய அலமாரிக்குப் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும். பூச்சியைக் கொல்லும் போரேட் (போரான் உப்பு) கரைசல் வெறும் மரத்துக்குள்தான் ஊறும். பெயின்ட் அடித்த முகப்பில் அதை அடிப்பது வீண். பின்பலகை, அடிப்பலகை, உள்பக்கம் ஆகிய பூசாத இடங்களில் அடியுங்கள்.

மேஜையின் மேல் வெள்ளை வளையம்

சூடான தம்ளரோ ஈரக் கிண்ணமோ வைத்த இடம். வெள்ளையாக இருந்தால் ஈரம் பூச்சோடு நின்றுவிட்டது. கறுப்பாக இருந்தால் மரத்துக்குள் இறங்கிவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மறைவான இடத்தில் ஒரு துளி ஆல்கஹால் விட்டுப் பாருங்கள். ஒட்டும் பதத்துக்கு இளகினால் மேல்பூச்சு அரக்கு. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கத் தச்சர்கள் வாங்கிய அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து கப்பலேறியதுதான். அரக்கில் வெள்ளை வளையம் என்றால், பஞ்சில்லாத துணியை ஆல்கஹாலில் நனைத்து நன்றாகப் பிழிந்து, வளையத்தின் மேல் நிற்காமல் ஒரு வீச்சாகத் தடவி எடுங்கள். துணி ஒரு கணம் நின்றாலும் பூச்சு துணியோடு வந்துவிடும். கறுப்புக் கறைக்கு, அதுவும் ஓக் மரத்தில் இரும்பு பட்டு வந்ததற்கு, ஆக்சாலிக் அமிலம். ஆனால் அது நஞ்சு, மேல்பூச்சை எடுத்தபின்தான் வேலை செய்யும். வளையம் கண்ணை உறுத்தாவிட்டால் அதன் மேல் ஒரு கம்பளி விரிப்பைப் போடுவதுதான் என் சிபாரிசு.

எண்ணெய் பூசினேன், இன்னும் ஒட்டுகிறது

ஆளிவிதை எண்ணெயைத் தடிப்பாகப் பூசியிருக்கிறீர்கள். டர்பென்டைனில் நனைத்த துணியால் மிகையைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் விட்டுவிடுங்கள். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

பெட்டிக்குள் முடை நாற்றம்

வெயிலும் காற்றும் முதலில். போகாவிட்டால் உள்பக்கத்தை மட்டும் துடைத்து உலர்த்தி அரக்கு ஒரு கை பூசுங்கள். நாற்றத்தை அடைப்பதில் அதற்கு நிகரில்லை. கம்பளித் துணிகளை வைக்கப்போகும் பெட்டி என்றால் இதைச் செய்யாமல் வைக்காதீர்கள்.

இனி கம்பளிப் பக்கம்.

துவைத்தும் துணி திரளவில்லை

கம்பளி இழையின் மேல் செதில்கள் இருக்கின்றன. வெந்நீர், சோப்பு, அசைவு மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நெசவே தெரியாத அளவுக்குத் துணி திரளும். திரளவில்லை என்றால் இரண்டு காரணம்தான். ஒன்று, துணியில் கம்பளி போதாது. 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நம்பாதீர்கள். சீட்டு இல்லாத பழைய துணியானால் ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றமும் நொறுங்கும் சாம்பலும் வந்தால் கம்பளி, கெட்டியான மணியாகச் சுருண்டால் பாலியெஸ்டர். இரண்டு, முறுக்கேறிய மெல்லிய நூலில் நெய்த பேன்ட் துணி. அது நூறு சதவீதம் கம்பளியானாலும் சரியாகத் திரளாது. பழைய துணிக்கடையில் பாவாடையும் தளர்வான நெசவுள்ள கோட்டும் தேடுங்கள்.

தையலைப் பிரித்து, உள்துணியை எடுத்துவிட்டு, தலையணை உறையில் போட்டுக் கட்டித் துவையுங்கள். உறை இல்லாமல் போட்டால் உதிரும் பஞ்சு இயந்திரத்தின் பம்பை அடைத்துவிடும். வெந்நீரில் துவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, சூடான உலர்த்தியில் போட வேண்டும்.

வெட்டிய ஓரம் பிரிகிறது

திரளாத துணியை வெட்டியிருக்கிறீர்கள். வெட்டாத துண்டை மறுபடி துவைக்கலாம். பூ, கோழி என்று வடிவமாக வெட்டிவிட்ட துண்டுகளைத் துவைத்தால் வடிவம் போய்விடும். அவற்றைப் பின்பக்கம் மெல்லிய ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போட்டுக் காப்பாற்றலாம். ஒட்டுத்துணி போட்டால் துணி கொஞ்சம் விறைக்கும், அந்தத் தொய்வான அழகு குறையும். பிரிந்த நூலைக் கத்தரித்து, ஓரத்தைச் சுற்றி நூலால் கட்டும் பிளாங்கெட் தையலை நெருக்கமாகப் போட்டு அப்படியே விட்டாலும் இந்தப் பாணிக்கு உறுத்தாது.

தைத்து முடித்தால் துணி சுருங்கி மேடுபள்ளமாக இருக்கிறது

நாணயத்தை வைத்து வட்டம் வரைந்து வெட்டிய கம்பளித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைக்கும் பென்னி விரிப்புகளில் இந்தத் தொல்லை அதிகம். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நூல் விறைப்பாகத் துணியில் பதிந்திருந்தால் இழுத்துத் தைத்திருக்கிறீர்கள். பிளாங்கெட் தையலின் நூல் ஓரத்தில் படுக்க வேண்டும், ஓரத்தைக் கடிக்கக் கூடாது. நூலை வெட்டி அந்த வட்டத்தை மட்டும் மறுபடி தையுங்கள்.

நூல் சரியாக இருந்தும் மேடு தட்டினால் அடித்துணி மெல்லியது. மேல் துண்டுகள் தடிப்பாகவும் அடித்துணி மெல்லியதாகவும் இருந்தால் எவ்வளவு நிதானமாகத் தைத்தாலும் சுருங்கும். தைக்கும்போது துணியைக் கையில் தொங்கவிடாமல் மேஜையின் மேல் படுக்க வைத்துத் தைப்பது பாதி நோயைத் தடுக்கும். 8ஆம் எண் பெர்ல் காட்டன் எம்ப்ராய்டரி நூலும், அது ஊசிக் கண்ணில் உரசாமல் போகும் 22 அல்லது 24ஆம் எண் ஷெனீல் ஊசியும் (பெரிய கண்ணுள்ளது) போதும். சிறிய கண்ணுள்ள ஊசியில் நூல் பஞ்சு தட்டி, அதை இழுக்கப்போய்த்தான் விறைப்பு வருகிறது.

இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் இழுக்காமல், ஈரத் துணி போட்டு மேலே அழுத்தி அழுத்தி எடுங்கள். இலேசான சுருக்கம் அதிலேயே படிந்துவிடும்.

சாயம் இறங்குகிறது

சிவப்பும் கருநீலமும்தான் வழக்கமான குற்றவாளிகள். வெட்டுமுன் ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். தைத்தபின் இறங்கிவிட்டால் உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள், காயவிடாதீர்கள். நீங்களே சாயமேற்றிய துணியென்றால், வினிகரோ சிட்ரிக் அமிலமோ சேர்த்த தண்ணீரில் கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருந்தால்தான் கம்பளிச் சாயம் நிலைக்கும். சூடான தண்ணீரிலிருந்து நேராகக் குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றாதீர்கள், துணி மேலும் திரண்டுவிடும்.

எல்லாம் புதிதாகத் தெரிகிறது

பழசாகக் காட்டுவதற்காகக் காப்பி, வெனிலா, பட்டைத்தூள் கலந்து துணிப்பொம்மையின் மேல் பூசி ஓவனில் சுடும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாசனைக்காகச் சர்க்கரை சேர்ந்த வெனிலாவைப் பூசினால் எறும்புக்கு விருந்து. ஓவனில் துணியை வைத்துவிட்டு நகர்வது தீக்கு அழைப்பு. பருத்தித் துணிக்கு வெறும் தேயிலைத் தண்ணீர் போதும், பிறகு நன்றாக அலசிவிடுங்கள். கறுப்பாக்குவதற்காகத் துருப்பிடித்த இரும்பைச் சேர்க்காதீர்கள். இரும்பு துணியை மெல்ல மெல்லத் தின்னும். பழைய விரிப்புகளில் மற்ற நிறங்கள் நன்றாக இருக்க, அடர்பழுப்பு நிறப் பகுதி மட்டும் பொடிந்து போயிருப்பது பல சமயம் இரும்பு சேர்த்த சாயத்தால்தான். கம்பளிக்கு வெங்காயச் சருகு, வால்நட் தோல். இரண்டும் பிரகாசமான நிறத்தை அடக்கும்.

கொக்கியால் கோத்த விரிப்பு சுருள்கிறது, வளையங்கள் பிதுங்கி வருகின்றன

கம்பளிப் பட்டைகளை அடித்துணியின் துளைகள் வழியாகக் கொக்கியால் வளையம் வளையமாக இழுத்துச் செய்யும் விரிப்பு இது. இரண்டும் எதிரெதிர் நோய்கள். சுருண்டால் நெருக்கிக் கோத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு துளையிலும் வளையம் போட வேண்டியதில்லை. வளையங்கள் ஒன்றையொன்று தொட்டால் போதும். மேல்பக்கத்தில் வரிசைக்கு வரிசை சிலவற்றை உருவி விட்டு, பின்பக்கம் ஈரத்துணி போட்டு இஸ்திரியால் அழுத்துங்கள். வளையம் பிதுங்கி வந்தால் பட்டை மெலிது, துளை பெரிது. பிரிமிட்டிவ் விரிப்புக்கு வழக்கமான 8ஆம் எண் பட்டை கால் அங்குல அகலம். நுண்வேலைக்கான 3ஆம் எண் பட்டையோ அங்குலத்தின் 32இல் 3 பங்குதான். மெல்லிய பட்டையைத் தளர்ந்த நெசவில் கோத்தால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அடித்துணி சணல் சாக்காக இருந்தால் இன்னொரு கேள்வி இருக்கிறது. வங்காளத்துச் சணல் மேலை நாடுகளுக்குப் பெருமளவில் போனபின்தான் இந்த விரிப்புக் கலையே பரவியது. மேய்ன் மாநிலத்தின் பிடஃபோர்டில் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃபிராஸ்ட் என்ற வியாபாரி 1868 வாக்கில் தகர அச்சுகளால் சாக்கில் மாதிரிகளை அச்சிட்டு விற்கத் தொடங்கினார். ஆனால் சணல் வறண்டு பொடிந்துவிடும். பழைய விரிப்பின் ஓரத்தை மெல்ல வளைத்துக் காதருகே வையுங்கள். மொறுமொறு சத்தம் கேட்டால் அது தரையில் போடத் தகுந்ததல்ல. புதிதாகச் செய்வதற்கு லினன் துணியையோ மங்க்ஸ் கிளாத் என்ற பருத்தி அடித்துணியையோ எடுங்கள்.

கம்பளியில் துளைகள், மெல்லிய வலைகள்

அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. எனவே இரண்டு பூச்சிகளைக் கையால் அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். அழுக்கும் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள துணியைத்தான் புழு முதலில் தேடும். பாதிக்கப்பட்டதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே மர வண்டுக்குச் சொன்ன அதே கணக்கில் ஃப்ரீசரில் வையுங்கள். பெட்டியின் மூலை, தரைப்பலகை இடுக்கு, கம்பளி உருட்டிய அலமாரி எல்லாவற்றையும் வேக்குவத்தால் இழுத்து, உடனே அந்தப் பையை வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள்.

அந்துருண்டை வேலை செய்வது அதன் ஆவி தேங்கி நிற்கும் மூடிய பெட்டிக்குள்தான். அந்த ஆவி மனிதருக்கும் நல்லதல்ல. அறையில் திறந்தபடி கிடக்கும் தட்டில் நான்கு உருண்டை வைப்பதால் உங்களுக்குத்தான் தலைவலி, பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. தேவதாரு கட்டையின் மணத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். பழைய துணிக்கடையிலிருந்து வரும் எதையும் துவைக்குமுன் மற்றக் கம்பளிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வாசலிலேயே பையைக் கட்டி நேராகத் துவைக்கும் அறைக்கு அனுப்புங்கள். முடித்த விரிப்பை எடுத்து வைப்பதானால் மடிக்காமல், கோத்த பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்; ஆண்டுக்கு இரண்டு தடவையாவது பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள்.